பாக்கியநாதன் காத்திருந்த பிளாஸ்திரி

கும்மிடிப்பூண்டி

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அந்த வெளிநாட்டுப் பனியிலும் அவர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறோம். தினம் போனில் பேசுகிறவர் எதற்குக் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அதற்கும் காரணம் இதுதான்.

போன தடவை வந்தபோது உன் வேலையை நன்றாகத்தான் விளக்கினாய். உங்கள் கம்பெனியில் எவர்சில்வர் தகட்டின் மேல் ஒட்டிய பிலிமை உரித்துப் பார்ப்பீர்களே, அது மாதிரிதான் அப்பா, ஆனால் என் பிலிம் கண்ணுக்கே தெரியாத மெல்லிசு, அடியில் இருப்பது தோல் மாதிரி மெத்தென்ற ரப்பர், இரண்டும் எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கின்றன என்று அளக்கிறேன் என்றாய். எனக்குப் புரிந்தது. ஆனால் சபையில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்ல எழுந்தபோது, இத்தனை படித்துவிட்டு ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலையா என்று சிரிப்பார்களோ என்று கூச்சமாகிவிட்டது. என்றைக்காவது உடம்பில் ஒட்டும் கருவிகளுக்கு இது உதவலாம் என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, என் மகள் சர்க்கரைப் புண்ணை ஆற்றும் பிளாஸ்திரி கண்டுபிடித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள், நானும் பூரித்துப்போனேன்.

பின்வரிசையில் நம் தெரு பாக்கியநாதன் இருந்தார், நீ கிளம்பும்போது ஏர்போர்ட் வரை பெட்டி தூக்கி வந்தவர். காலில் சர்க்கரைப் புண்ணை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போகாமல் உன் பிளாஸ்திரிக்குக் காத்திருந்திருக்கிறார். அவர் மனைவி மெர்சி வந்து, பாப்பா அனுப்பிடுச்சாண்ணே என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், கஸ்டம்ஸில் லேட்டாகுதும்மா என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் காய்ச்சலோடு அவரைத் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால்விரல்களை எடுத்துவிட்டார்கள், ஷைனி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேஜாராவாத எபினேசரு, இன்னொரு கால் கீதே, அதுக்குள்ள பாப்பா அனுப்பிடும் இல்ல என்றார். கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன் வேலை சின்னது என்று நான்தான் நினைத்தேன், சபையில் யாரும் நினைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காலில் சாக்ஸ் இல்லாமல் வெளியே போகாதே. தேவன் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ செய்வதை எளிய தமிழில் எழுதி அனுப்பு, முதலில் அவர் கட்டில் பக்கத்திலும் பிறகு சபையிலும் ஒரு வார்த்தை கூட்டாமல் வாசிக்கிறேன். அதனால் எந்தப் புண்ணும் ஆறாது என்பதையும் மறக்காமல் எழுதிவிடு.

உன் அப்பா,
எபினேசர்