ஒரே மூச்சில் எத்தனை

17 செப்டம்பர், செவ்வாய்
இவர் இன்று போடி கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். தடவிப் பார்த்தே ஏலக்காயைத் தரம் பிரிப்பவர். இன்று பெரிசு எது, சிறிசு எது என்று விரலுக்குத் தெரியவில்லையாம். சர்க்கரையாக இருக்குமோ?

19, வியாழன்
செருப்பு கழன்றது தெரியாமல் வாசல்வரை நடந்து வந்தார். வாதம் என்று சொல்லி, எண்ணெய் தேய்க்கச் சொன்னார் நாத்தனார் சாராள். கால் மணி நேரம் தேய்த்தேன்.
“இன்னும் ஆரம்பிக்கலையா, ஷீபா?” என்று கேட்டார் இவர்.

20, வெள்ளி. தேனி, ஆஸ்பத்திரி
இரண்டு வாரத்துக்கு முன் வந்த வயிற்றுப்போக்குதான் தொடக்கமாம். அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பிய வெள்ளணுக்கள் நரம்பின் மேலுறையையும் கிருமி என்று நினைத்து அரிக்கின்றன. அந்நியனை அடையாளம் காண்பதற்கென்றே இருக்கும் செல்கள்! காலிலிருந்து மேலே ஏறும் என்கிறார்கள். நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும். அதைக் கண்காணிக்க ஒரே மூச்சில் எண்ணச் சொல்கிறார்கள்.
இன்று 31.

21, சனி
24. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

22, ஞாயிறு
17. சபையில் எல்லாரும் இவர் பேரைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள் என்றார் சாராள்.
“ஏலத்துல மூச்சு விடாமக் கூவுவேன். இங்கன பதினேழுக்கே நொண்டுது பாரு,” என்று இவர் சிரித்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

23, திங்கள்
12. பதினெட்டு வருடங்களாக வகுப்பில் நான் சொல்வது: நரம்பு செல் முதுகிலிருந்து கால்விரல்வரை நீள வேண்டும். அந்த வேலைக்காகவே பெருகுவதை விட்டுவிட்டது. போனால் போனதுதான்.
போனால் போனதுதான் — எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். யார் காலைப் பற்றி என்று நினைத்தேன்?

24, செவ்வாய்
9. ஐசியு. இன்னும் குறைந்தால் தொண்டையில் குழாய். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் பெயரையே தப்பாக எழுதினேன்.

25, புதன்
டாக்டர் மகிமாவிடம் கேட்டேவிட்டேன்.
“நரம்பு போகல டீச்சர், மேலுறைதான் உரிஞ்சிருக்கு. உறையைச் சுத்துற செல் வேற. அது இன்னும் பெருகும். ஆனா மெதுவாத்தான்.”
எவ்வளவு மெதுவாக? 
இன்றும் 9. குறையவில்லை. நம்பப் பயமாக இருக்கிறது.

28, சனி
வராந்தாவில் உட்கார்ந்து காலாண்டு விடைத்தாள் திருத்தினேன். வேர்த்தூவி செல்லின் சுவர் மெல்லியது, அதனால் தண்ணீர் எளிதாக உள்ளே வரும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். சரி. இரண்டு மதிப்பெண். வேருக்கு மெலிந்தால்தான் பிழைப்பு, நரம்புக்கு மூடியிருந்தால்தான். அடுத்த தாளை எடுக்கக் கை வரவில்லை.

30, திங்கள்
11!

5 அக்டோபர், சனி
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சு பரவாயில்லை. கால்? இன்னும் அசையவில்லை. 

19, சனி
மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் தூங்கினார். இடது பாதத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் பாதம் ஒரு விரற்கடை விலகிக்கொண்டது. இவர் விழிக்கவில்லை.
கொசு பறந்து, கட்டில் கம்பியில் உட்கார்ந்தது.
ஓங்கிய கையைக் கீழே இறக்கினேன். இன்னொரு தடவை வரட்டும் என்று அசையாமல் இருந்தேன்.