பசுவின் பின்பாதி

அக்டோபர் 17

ஸ்லோன் ஒத்துக்கொண்டாள். ஹாலோவீன் வேஷத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பசு. தலையும் முன்கால்களும் அவள். வாலும் மடியும் பின்கால்களும் நான். பின்பாதியை நானே முந்திக்கொண்டு கேட்டேன். இதை இங்கே எழுதி வைப்பது நல்லது, பிறகு பழி போட ஆள் தேடக் கூடாது.

கல்லூரி விடுதியில் எல்லோருக்கும் இப்போது ஒரே பேச்சு: அடுத்த வருடம் யாரோடு வீடு எடுப்பது. இந்த ஊரில் மரத்தில் இலை இருக்கும்போதே அடுத்த ஆகஸ்டுக்கான வீடு முடிந்துவிட வேண்டும். ஸ்லோனும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது? முதல் வருடத்திலிருந்து ஒரே அறை. ஒரே பசுவுக்குள் நடக்கப் போகிறவர்கள் ஒரே வீட்டில் இருக்க மாட்டார்களா?

அக்டோபர் 20

தையல். வெள்ளைப் போர்வை, கறுப்புத் திட்டுகள். மடிக்கு இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை. கையுறைக்கு ஐந்து விரல், பசுவுக்கு நான்கு காம்பு. கட்டைவிரலை உள்ளே தள்ளித் தைத்தேன். ஸ்லோன் கட்டிலில் படுத்தபடி, "யாருடி எண்ணிப் பாக்கப் போறா?" என்றாள். மாட்டுப் பண்ணையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது.

அக்டோபர் 22

அப்பா போன் செய்தார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மடிய எங்க வச்சிருக்க மாரிட்?"

"பின்னங்காலுக்கு நடுவுலப்பா."

"ரொம்ப முன்னால தள்ளிடாத. பாக்குறவன் சிரிப்பான்."

பார்க்கிறவன் சிரிக்கத்தானே அப்பா இத்தனையும்.

அக்டோபர் 25

ஒத்திகை. நடைபாதையில் குடிநீர்க் குழாய் வரை நடந்து, அங்கே விழுந்தோம். ஸ்லோன் தரையில் கிடந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28

ஒத்திகைக்கு அவள் வரவில்லை. பாதிப் பசுவாக உட்கார்ந்து புள்ளியியல் படித்தேன்.

அக்டோபர் 30

ராணிகள். சீட்டுக்கட்டில் நான்கு ராணிகள் இருக்கிறார்களாம். அவளுடைய நீச்சல் குழுத் தோழிகள் மூன்று பேர், நாலாவது ராணி ஸ்லோன். நாளைக்கு வேஷப் போட்டிக்கு அவர்களோடு போகிறாள். அது போகட்டும். அந்த நாலு பேரும் செவ்வாய்க்கிழமையே வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேனே, அப்போது.

"பரவால்ல" என்றேன். உடனே இன்னொரு முறை "பரவால்ல" என்றேன். மூன்றாவது முறை வாய் கேட்கவில்லை: "நாம ரெண்டு பேரும்னு நெனச்சேன்."

"நீ கேக்கவே இல்லையே மாரிட்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே முழித்தாள். "உனக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்."

வேற யாரு இருக்கா எனக்கு? ஒரு வாய் வார்த்தை கேட்க வேண்டியதற்கு ஒரு மாட்டையே தைச்சிருக்கேன். இப்படி ஒரு மண்டு உண்டா? அழுகையாக வருகிறது, கோபமாகவும் வருகிறது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 31

இன்று ஊர்ப் பிள்ளைகள் விடுதிக்கு மிட்டாய் வாங்க வரும் நாள். வேஷம் போட்டு அறை வாசலில் நிற்பதாகப் பெயர் கொடுத்திருந்தேன். பின்பாதியை மாட்டிக்கொண்டு நின்றேன், வேறு என்ன இருக்கிறது என்னிடம்? வெளியே பனி. இளவரசிகளும் எலும்புக்கூடுகளும் வேஷத்துக்கு மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

சிங்க வேஷம் போட்ட ஒரு குட்டிப் பெண் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "தல எங்க?"

"அடுத்த வருஷத்துக்கு வீடு பாக்கப் போயிருக்கு."

எதிர் அறை வாசலில் மிட்டாய்க் கூடையோடு நின்ற மைசீ வெடித்துச் சிரித்தாள். சோளக்கொல்லை பொம்மை வேஷம், கழுத்தெல்லாம் வைக்கோல். இரண்டு மாதமாக எதிர் எதிரே இருந்தும் "ஹாய்" தாண்டிப் பேசியதில்லை.

"எங்க கதையும் அதுதான்" என்றாள். "நானும் என் சித்தி பொண்ணும் ஒரு வீடு பாத்தோம். ரூம் மூணு, ஆளு ரெண்டு."

உடனே எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இவளுக்கு ஒரு நல்ல தொப்பி தைத்துக் கொடுக்கலாம் என்று. அடச்சீ.

வாலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். "மூணாவது ஆளா நான் வரட்டுமா?"

அவள் மேலும் கீழும் பார்த்தாள். மேலே பார்க்க அதிகம் இல்லை.

"குறட்ட விடுவியா?"

"அப்பா ஆமாங்கறார்."

"சமையல்?"

"சுமார்."

"சித்தி பொண்ணையும் கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். பிறகு குனிந்து, "நாலு காம்புதான், சரியா இருக்கு" என்றாள். எண்ணிப் பார்க்க ஓர் ஆள் இருந்திருக்கிறாள்.

நவம்பர் 1

ராணிகளுக்குப் பரிசு கிடைக்கவில்லையாம். மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்.

"கோவமா?" என்று கேட்டாள் ஸ்லோன்.

"ஆமா."

இதுவரை அவளிடம் நான் சொல்லாத பதில். அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "சரி" என்றாள். அப்புறம் மீதி மிட்டாயை இருவரும் தின்றோம். கோபம் முழுக்கப் போகவில்லை, மிட்டாய்தான் தீர்ந்தது.

நவம்பர் 4

மைசீயிடமிருந்து ஒன்றும் இல்லை. ஊசியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

நவம்பர் 6

நாளை வீடு பார்க்க வரச் சொல்கிறாள் மைசீ. சித்தி பெண்ணும் வருகிறாளாம். குறட்டையைப் பற்றி மட்டும் மறுபடி விசாரித்திருக்கிறாள்.

நவம்பர் 9

கையெழுத்துப் போட்டோம். மூன்று அறை. முன்னால் தெருவைப் பார்த்து ஒன்று, நடுவில் ஒன்று, சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத பொந்து ஒன்று.

"யாருக்கு எது?" என்றாள் மைசீ.

பின்னால் இருக்கிறது எனக்கு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"முன் ரூம் எனக்கு வேணும்."

"தாராளமா. தெருப் பனிய வாரித் தள்ற வண்டி விடியறதுக்கு முன்னாடியே அந்த ஜன்னலுக்கு வெளியதான் உறுமும்" என்றார்கள் அவளும் சித்தி பெண்ணும் ஒரே குரலில். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

போகட்டும். கேட்டு வாங்கினேன்.