விடு என்ற சொல்

அக்டோபர் 9

பிளம் பழங்களுக்குக் கொட்டை எடுத்து முடிக்கவே மதியமாகிவிட்டது. ஜாம் கிளறிக்கொண்டே ஜன்னல் வழியாக விலேமைப் பார்த்தேன். தோட்டத்தில் எங்கள் நாய் ஹெர்டாவுக்குப் பயிற்சி. படு, இரு, பிடி, விடு. பிடி என்றதும் வைக்கோல் திணித்த சட்டைக்கையைக் கவ்வுகிறாள். விடு என்றால் அந்தக் கணமே வாய் திறந்துவிடுகிறது. அவனும் ஒரு சொல் பிசகவில்லை.

உள்ளே வந்தவன் கையில் ஸ்பூனோடு, அது எதற்கு என்று தெரியாமல் நின்றான். நான் பார்க்காத மாதிரி கிளறினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

லூபோர் வந்திருந்தான். ஊர்க்கோடி மைதானத்தில் அவனும் விலேமும் சேர்ந்துதான் இத்தனை வருஷமாகக் காவல் நாய்களைப் பழக்கினார்கள். இத்தனை வருஷமாக ஒரே சண்டைதான். இன்றும் பியர் திறந்ததும் ஆரம்பித்துவிட்டது.

“எவன் கெட்டவன்னு நாய்க்கே தெரியும்டா. நீ வாயைத் திறந்து பிடின்னு சொல்றதுக்குள்ள அவன் உன் கழுத்தை அறுத்துட்டுப் போயிருவான்” என்றான் லூபோர்.

“போகட்டும். நாயே முடிவு பண்ணிக் கடிச்சா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது? நாய்க்குப் பின்னால ஒரு மனுஷன் நிக்கணும்.”

“உன்னோடது நாயாடா? லைட் சுவிட்சு!”

விலேம் சிரிக்கவில்லை. இருபது வயதில் எல்லைக் காவலில் இருந்தவன். முள்வேலி ஓரம் ஆளில்லாமல் அவிழ்த்துவிட்ட நாய்கள் உண்டு. ஒரு காலையில், வேலி தாண்ட வந்தவர்களை அவை என்ன செய்திருந்தன என்று பார்த்தவன் அவன்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

லூபோரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து கேட்டான்: “நல்லாப் பேசறாரே, யாரு அவரு?”

அக்டோபர் 21

கேஸ் மீட்டர் பார்க்க வந்த பையன் கதவைத் திறந்து இரண்டு எட்டுதான் வைத்தான். பிடி என்றான் விலேம். நான் மாவுக் கையோடு ஓடி வருவதற்குள் ஹெர்டா அவன் கோட்டைக் கவ்வியிருந்தாள். நல்லவேளை, கோட்டோடு போயிற்று. விடு என்றதும் விட்டுவிட்டாள்.

“உத்தரவு இல்லாம உள்ள வரக்கூடாது” என்று விலேம் அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். பையன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

ஹெர்டா விலேமைப் பார்த்து வாலை ஆட்டினாள். சரியாகச் செய்தேனா என்று கேட்கிறாள். சரியாகத்தான் செய்தாள்.

அக்டோபர் 22

ப்ரனோவிலிருந்து க்வேதா போன். “ஒண்ணு நாயை அனுப்பு, இல்ல அப்பாவை அனுப்பு. ரெண்டையும் ஒரே வீட்ல வச்சுக்காதேம்மா.” பெற்ற மகள் இப்படியா பேசுவாள் என்று கோபம் வந்தது. அவள் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை.

அக்டோபர் 30

ஹெர்டாவை லூபோர் வீட்டில் விட்டேன். விலேம் சாப்பிடவில்லை. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என் பெயர் வராத வாயில் அவள் பெயர் எப்படி வருகிறது? எனக்குப் பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் போய்க் கூட்டி வந்துவிட்டேன். “அவன் சொன்னாலும் செய்யாதேன்னு பழக்க முடியாதா?” என்று லூபோரைக் கேட்டேன்.

“அதுக்கு அவ இன்னொரு தடவை பிறந்து வரணும், மிலாதா. வாய்க்கூடு மாட்டி வை.”

மாட்டுகிறேன். அவன் கழற்றிவிடுகிறான்.

நவம்பர் 15

நேற்று எழுத முடியவில்லை. அடிபட்டது இடது கை என்பதால் இன்று எழுதுகிறேன்.

கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். குளிருக்குத் தலையில் துணி, நீளக் கோட்டு, கையில் பை. நடையில் விலேம் நின்றிருந்தான். “நில்லு! யாரு நீ?” என்றான். நான்தான் என்று வாயெடுத்தேன். சொல்லி முடிக்கவில்லை. “பிடி!”

ஹெர்டா ஒரு நொடி தயங்கினாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. நான் சோறு போட்டு வளர்த்தவள். குட்டியில் வயிற்றுப்போக்கு வந்தபோது மடியில் வைத்துத் தூங்காமல் கிடந்தேனே — முழங்கைக்குக் கீழே பல் இறங்கிவிட்டது. விடு, விடு என்று கத்தினேன். என் குரலுக்கு அவள் விடமாட்டாள். அப்படித்தானே பழக்கினான்! கையைக் கவ்விக்கொண்டே கண்ணை அவன் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“சொல்லு விலேம், விடுன்னு சொல்லு!”

“எதுக்குச் சொல்லணும்? திருடி.”

அந்த நிலையில் எனக்கு அது எப்படித் தோன்றியதோ. பையைக் கீழே போட்டேன். வலியை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். எல்லையில் பிடிபட்டவள் மாதிரி வலது கையை உயரத் தூக்கி, “சரணடையறேன்” என்றேன்.

அவன் முதுகு நிமிர்ந்தது. “விடு” என்றான்.

என்னைச் சுவரோரம் நிற்கவைத்தான். குரல் மாறி மரியாதையாகிவிட்டது. “பயப்படாதீங்க. இனி நாய் உங்களைத் தொடாது. பேரு என்ன?”

“மிலாதா.”

“என் பெண்டாட்டி பேரும் அதுதான்” என்றான். “கடைக்குப் போயிருக்கா. வந்ததும் கைக்குக் கட்டுப் போடுவா.”

தரையெல்லாம் ரத்தம். நாங்கள் இருவரும் அவளுக்காகக் காத்திருந்தோம். தற்செயலாக எட்டிப்பார்க்க வந்த லூபோர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

நவம்பர் 16

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டதாம்.

நவம்பர் 20

நாயைக் கொன்றுவிட வேண்டும் என்கிறாள் க்வேதா. லூபோர், “அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் வச்சுக்கறேன்” என்கிறான். அத்தனை வருஷச் சண்டையில் அவன்தான் ஜெயித்தான். அதைச் சொல்லிக் காட்டவில்லை. கார் வரை போய் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதான்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. ஒரே ஒரு முறை சொல்பேச்சுக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா? ஆனால் அவள் அப்படிப்பட்ட நாயாக இருந்திருந்தால், விலேம் அவளை இந்த வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டான். நாய்க்குப் பின்னால் மனுஷன் நிற்கவேண்டும் என்றானே, அந்த மனுஷன் எங்கே போனான்? உடம்பு இருக்கிறது, குரல் இருக்கிறது. அவளால் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்? கூடவே படுக்கிற என்னாலேயே முடியவில்லையே.

டிசம்பர் 3

விலேமை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன். என்னை, சூட்கேஸைத் தூக்கித் தந்த யாரோ ஒரு பெண் என்று நினைத்துக் கை குலுக்கினான்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் விருந்துக்கு ப்ரனோ வரச்சொன்னாள் க்வேதா. போகவில்லை. வருஷா வருஷம் இன்று பொரிக்கிற மீனும் பொரிக்கவில்லை. பிடிக்கவில்லை எதுவும்.

ஜனவரி 18, சனி

லூபோர் வீட்டில் ஹெர்டா எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஒரு தடவை காட்டிவிடலாம் என்று வாய்க்கூடு மாட்டி இல்லத்துக்கு அழைத்துப் போனோம். தோட்டத்துப் பெஞ்சில் விலேம் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் ஊளையிடுவாள், பாய்வாள் என்று பயந்தேன். ஒன்றுமில்லை. நேராகப் போய் அவன் இடது காலோரம் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொல்லுக்காக.

விலேம் ஒதுங்கி உட்கார்ந்தான். “அழகான நாய். உங்களோடதா?”

“ஆமாம்.”

“கடிக்குமா?”

“கடிக்காது” என்றேன்.

தைரியம் வந்து, ஊரான் வீட்டு நாயைத் தொடுகிற மாதிரி விரல் நுனியால் அவள் தலையைத் தொட்டான். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போய்விட்டான்.

ஹெர்டா அசையவில்லை. லூபோர் கயிற்றை இழுத்தான். நான் வேண்டாம் என்றேன். பனி தூற ஆரம்பித்தது. பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் ஈரமாகவில்லை. அங்கே, அவளை ஒட்டி, உட்கார்ந்துகொண்டேன்.