கொடியில் கட்டிய காப்பு

அயனம்பாக்கம்
17-8-2025, ஞாயிறு

அன்பு மகள் காவ்யாவுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி ஜீவா, நீ பால் வைத்துப் பழக்கிவிட்டுப் போன அந்தத் திருட்டுப் பூனை உட்பட எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே திரிபுராவில் நீயும் உன்னோடு டியூட்டி பார்க்கிற பிள்ளைகளும் மழை, கொசு, ஜுரம் எதுவும் அண்டாமல் இருக்க ஏரிக்கரை கெங்கையம்மன் துணை நிற்கட்டும். போன் கையில் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இந்தக் கவருக்குள் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்க்காமல் வரிசையாகப் படி, கேள்வித்தாளையே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நீ.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. ஏரியில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் காற்று நன்றாக வருகிறது, எனக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிரேன் ஓட்டினவன் என்பதால் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவன் எல்லாம் என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்கிறான், டீ மட்டும்தான் தருகிறான். ஜீவா ஷிஃப்ட் முடிந்து வந்து போனைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறான், ஊற்றியது குழம்பா ரசமா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் காதில் ஏறாது. அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ எல்லைப் படையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ என் போனில் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டிருப்பாய், ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள். சாப்பிட்டாளா கேளு, தூங்கினாளா கேளு என்று எனக்குக் கை ஜாடை காட்டுவாள். நீயே கேளேன் என்று போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். பெண் பிள்ளையைத் துப்பாக்கி தூக்க அனுப்பிய பாவி என்று என்னைத் திட்டுவது ஒரு பக்கம், தெருவில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் "அவ டில்லில கவர்மென்ட் ஆபீஸ்ல கீறா" என்று ஒரே பொய்யைச் சொல்லுவது இன்னொரு பக்கம். நீ யூனிஃபார்மோடு ஸ்டேட்டஸ் போடுகிறாய், தெருவே பார்க்கிறது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்குத்தான் நெஞ்சில் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. நீ லீவில் வந்து வாசலில் நிற்கிற அன்றைக்காவது இவள் வாயைத் திறப்பாளா, இல்லை அன்றைக்கும் தட்டுதான் கழுவுவாளா என்று நினைத்து நினைத்து என் தூக்கம் போனது.

இந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்தும் ஆடிக் கடைசி வெள்ளியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. நம் தெருமுனைதான் உனக்குத் தெரியுமே, ஒரு பக்கம் குடியிருப்போர் சங்கத்துக் கொடிக்கம்பம், எதிரே வேப்பமரத்தடியில் நாம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அடுப்பு. அம்மா வழக்கம்போல் மஞ்சள் புடவை கட்டி வீடு வீடாக மடியேந்திப் போய்க் கேழ்வரகு மாவு வாங்கினாள், வீட்டில் மூட்டையே இருந்தாலும் நாலு வாசல் மாவு கலக்காமல் அது அம்மன் கூழ் ஆகாது என்பது நம் வழக்கம். புது அடுக்குமாடியில் ஒரு பெண் மாவு இல்லையே என்று ஓட்ஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டது. அம்மனுக்கு ஓட்ஸ் ஆகுமா என்று அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மடியில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதையும் கொட்டிக் காய்ச்சிவிட்டாள், கூழ் கொஞ்சம் வழவழவென்றுதான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கொடி விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ரிட்டையரான ஜம்புலிங்கம் அண்ணன்தான் ஏற்றுவார். இந்த முறை சங்கத்துச் செயலாளர் கோகுல்நாத் கூட்டிய கூட்டத்தில் அவரே எழுந்து, "நான் சர்வீஸ முட்ச்சிட்டு வந்தவன்பா, இப்ப அங்க நின்னுகினு கீற புள்ளைங்கள பெத்தவங்க ஏத்தட்டும், முனியனும் கெங்காவும் ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் "யாரு வேணா ஏத்திக்கோங்க, எனக்குக் கூழு வேல கீது" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலமே ஜம்புலிங்கம் அண்ணன் கொடிக்குள் சாமந்தி இதழ் வைத்து, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி மடித்துக் கட்டி, கம்பத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் நம் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை விடிகாலையில் தூறல். அம்மா எழுந்து குளித்து எல்லோருக்கும் காப்பு கட்டினாள், எனக்கு, ஜீவாவுக்கு, கூழ்ப் பானைக்கு, கூழ் கிண்டுகிற துடுப்புக்கு. நான் கொடியை எடுத்துக்கொண்டு போய் ஜீவாவைக் கயிற்றில் பூட்டச் சொன்னேன். எட்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்க, நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தேன், கொடி மளமளவென்று உச்சிக்குப் போனது. அங்கே போய் ஒரு சுண்டு சுண்டினால் விரிய வேண்டும். சுண்டினேன், விரியவில்லை. மறுபடி இழுத்தேன், கம்பம்தான் ஆடியது. "இன்னா முனியா, கிரேன் ஓட்ன கைக்கு ஒரு கொடி வரலியா" என்று ஜம்புலிங்கம் அண்ணன் காதோடு கேட்டார், எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இறக்கினோம். தரையில் படாமல் அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தால், அவர் போட்ட சுருக்குக்கு மேலே மஞ்சள் தோய்த்த நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு, காப்புக்குப் போடுகிற மூன்று முடிச்சு, ஈரத்தில் இறுகிக் கல்லாகக் கிடந்தது. காலையில் அதை நான் பார்த்தேன், அண்ணன்தான் ஏதோ கட்டியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கோகுல்நாத் பாவம், நல்ல பையன், ஓடிப்போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். பின்னால் நின்ற பொன்னம்மாள் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு, "அம்மன் காப்புல கத்திரி வெக்கிறியா தம்பி, உங்க ஊட்ல புள்ள குட்டி இல்லியா" என்று கேட்டுவிட்டாள், அவர் கத்தரிக்கோலை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காப்பைக் கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். யார் கட்டியது, யார் கட்டியது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். பல ஊர் சண்டையைப் பார்த்த ஹவில்தார் அந்த நூலைத் தொடப் பயந்து ஒரு அடி தள்ளி நிற்கிறார். அப்போதுதான் எதிரே அடுப்படியிலிருந்து உன் அம்மா துடுப்பைப் பானை மேல் சாத்திவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள். கையெல்லாம் மாவு, முகமெல்லாம் புகை. அத்தனை பேர் முன்னால் நின்று, "நான்தான் கட்னேன், எம்பொண்ணு பேருக்குக் கட்னேன், அவ டில்லில இல்ல, பார்டர்ல துப்பாக்கி புட்ச்சிகினு நிக்கிறா" என்றாள். பொன்னம்மாள் அக்காதான், "எங்களுக்குத் தெரியும் கெங்கா, நீ அவுத்துடு" என்றாள். வெளியூரில் இருக்கிறவர்கள் பேருக்குக் காப்பை வாசல் தாழ்ப்பாளில்தானே கட்டுவோம், போன வருஷம் உன்னுடையதை அங்கேதான் கட்டினாள். இந்த வருஷம் ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் பிறகு கேட்டதற்கு, "தாப்பாள்ல கட்னா ஊட்டுக்குத்தான் காவலு, அவ வெளியில கீறா, ஒசரத்துல இருந்தாத்தான் ஆத்தா கண்ணுல படும்" என்று சொன்னாள். அப்படியென்றால் இந்தப் பொம்பளை இத்தனை நாளும் கோபத்தில் இல்லை, பயத்தில்தான் இருந்திருக்கிறாள். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு எனக்கு இது தெரியாமல் போனது.

முடிச்சை அவள் நகத்தால் நோண்டி, பல்லால் இழுத்து அவிழ்த்தாள். அண்ணன் மறுபடி சுருக்குப் போட்டுக் கயிற்றை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே ஏத்தும்மா" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், இழுத்தாள். ஒரே இழுப்பு. சாமந்தி இதழ் எல்லாம் அவள் தலையிலும் என் வழுக்கையிலும் கொட்டியது, கொடி ஏரிக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லோரும் சல்யூட் அடித்தார்கள், உன் அம்மா மட்டும் அம்மனைக் கும்பிடுகிற மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பாட்டு முடிந்ததும் கோகுல்நாத் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார், "கூழு அடிப் புட்ச்சிக்கும்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு ஓடிவிட்டாள், அன்றைக்கு அதிகம் கைதட்டு வாங்கிய பேச்சு அதுதான்.

கூழுக்கு அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. கொடிக்கு வந்தவர்கள் அப்படியே எதிர்ப்பக்கம் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள், சொம்பு கொண்டுவராத அடுக்குமாடிக்காரர்களுக்குப் பொன்னம்மாள் அக்கா தன் வீட்டுச் சொம்பை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அடுக்குமாடியில் வாசல் காவலுக்கு இருக்கிறவர் ஒருத்தர், நாற்பது வயது இருக்கும், தமிழ் அரைகுறை, கருவாட்டுக் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். எந்த ஊர் என்று கேட்டால் திரிபுரா என்றார். அவ்வளவுதான், அம்மா அகப்பையை ஜீவா கையில் கொடுத்துவிட்டு அவரை உட்கார வைத்துவிட்டாள். அங்கே மழை எப்படி, கொசு உண்டா, ஜனங்கள் நல்லவர்களா, அரிசி நம் அரிசி மாதிரியா, பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நடமாடலாமா என்று உன்னிடம் கேட்காத எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார், எங்கள் ஊரிலும் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்று சொன்னதும் உன் அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கருவாடு தின்கிற ஊர் என்றால் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். அவருக்கு மூன்று முறை கூழ் ஊற்றினாள், அவர் இனி ஒரு வாரம் சாப்பிட வேண்டியதில்லை.

உள்ளே இருப்பது அந்தக் கொடியில் கிடந்த காப்புதான். இரண்டு நாள் அம்மன் காலடியில் வைத்து எடுத்தது. காப்பு கட்டினவர்கள் ஊரை விட்டு வெளியில் ராத்தங்கக் கூடாதே, அதைப் போய்த் தபாலில் அனுப்பலாமா என்று பொன்னம்மாள் அக்கா கேட்டதற்கு, "எம்பொண்ணு எங்க நிக்கிறாளோ அதுவரைக்கும் நம்ம ஊர்தான்க்கா" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். யூனிஃபார்மில் கையில் கட்ட விடமாட்டார்கள் என்றால் சட்டைப் பையில் வைத்துக்கொள், தண்ணீரில் போட்டுவிடாதே. வஞ்சிரக் கருவாடும் வைத்து அனுப்பச் சொன்னாள், தபால்காரர் நம்மைத் தெருவுக்குள் விடமாட்டார் என்று நான்தான் தடுத்தேன். கொசுவலை இல்லாமல் தூங்காதே, வெந்நீர் குடி, கூட இருக்கிற பிள்ளைகளிடம் கோபப்படாதே, அந்தக் குணம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், அவள் இதைப் படிப்பாள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு நிற்கிற அத்தனை பிள்ளைகளும் அவரவர் வீடு போய்ச் சேர வேண்டும், கெங்கையம்மனிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கவர் கைக்கு வந்ததும் கூப்பிடு, என் நம்பருக்கு வேண்டாம், அம்மா நம்பருக்குக் கூப்பிடு. காப்பு வந்து சேர்ந்ததா என்று நானே உன்னிடம் கேட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், "நீ ஒண்ணும் கேக்க வாணாம், நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் நைனா
முனியன்