இடப்பக்க வானம்

நவம்பர் 30, ஞாயிறு

பருந்துதான் காரணம். வேறு என்ன இருக்க முடியும்?

காலையில் ஏரிக்குப் போனபோது பனி கலையவில்லை. தீர்த்தமலைப் பக்கம் மலை இருக்கிற சுவடே இல்லை. அரூரிலிருந்து பைக்கில் வந்ததில் காது இரண்டும் விறைத்துவிட்டன. ஆனால் இந்த மாதங்களை விட்டால் பறக்கவிட வேறு காலம் கிடையாது. மற்ற மாதங்களில் விடிந்ததுமே காற்று கிளம்பிவிடும். ஃபோம் அட்டையில் செய்த விமானம் அதற்கு எம்மாத்திரம்? கார்த்திகை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் குருவுக்கும் கால் வீட்டில் நிற்காது. குரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இந்த ரிமோட் விமானப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்த புண்ணியவானும் அவன்தான்.

ஏரியில் இந்த வருஷம் பாதிதான் தண்ணீர். மீதிப் பாதி எங்களுக்கு.

என் மஞ்சள் விமானம் அழகாக ஏறியது. இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் இடப்பக்கம் பனைமரங்களுக்கு மேலே போனது. அப்புறம் அங்கே இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. எங்கே எங்கே என்று தேடுவதற்குள் துவரங்காட்டில் விழுந்த சத்தமும் கேட்டது.

"என்னாண்ணா, நேராக் கொண்டுபோயி சொருவிட்டீங்க?" என்றான் குரு.

"பருந்து அடிச்சிருச்சுடா."

"பருந்தா? நான் பாக்கலியே."

"நீ உன் ப்ளேனப் பாத்துக்கிட்டு இருந்த."

இடது இறக்கை இரண்டு துண்டு. ஒட்டிவிடலாம்.


டிசம்பர் 2, செவ்வாய்

சித்தேரி டிரிப். மலை ஏறுகிற வரைக்கும் ஒரே மூட்டம். இந்த ரோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று மாதுவிடம் சொன்னேன். மாது என் வண்டியின் கண்டக்டர். சாதாரணமாக எதற்கும் சிரிப்பவன், இதற்குச் சிரிக்கவில்லை.

அவன் போக்கே கொஞ்ச நாளாகச் சரியில்லை. டிக்கெட் போட்டு முடித்தால் சீட்டில் உட்கார வேண்டியதுதானே? முன்படியில் வந்து நின்றுகொள்கிறான். "இடது ஓரம் ஆளுண்ணா", "இடது ஓரம் மாடுண்ணா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறான். எனக்கு என்ன கண் இல்லையா? மலை ரூட்டில் ஸ்டியரிங் பிடித்து இருபது வருஷம் ஆகிறது, ஒரு கோழிக்குஞ்சைக்கூட நான் இடித்தவன் இல்லை.

"பனியில எதுக்குடா நிக்கற, உள்ள போ" என்றேன்.

"உள்ள வேக்காடா இருக்குண்ணா."

இந்தக் குளிரில் வேக்காடாம்!


டிசம்பர் 7, ஞாயிறு

மறுபடி விழுந்தது. அதே இடம், அதே இடப்பக்கம்.

இன்று பருந்தும் இல்லை, காற்றும் இல்லை. ரிமோட்டில் கோளாறு என்றேன். சிக்னல் அறுந்துபோகிறது என்றேன். குரு என் ரிமோட்டை வாங்கினான், மூக்கு நசுங்கிய என் விமானத்தையே நிமிர்த்தி எறிந்தான். பத்து நிமிஷம் வானத்தில் கோலம் போட்டுவிட்டுக் கொண்டுவந்து காலடியில் இறக்கினான்.

"ரிமோட்டு நல்லாத்தாண்ணா இருக்குது."

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலன்றியா?"

"நான் அப்டிச் சொல்லலண்ணா."

"வேற எப்டிச் சொல்ற?"

ஏரிக்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடதும் வலதும் கையில் மாறிப்போகும். கற்றுக்கொள்கிறவன் எல்லாம் அங்கேதான் இடிப்பான். நான் அங்கே இடிக்கவில்லை. அந்தத் தப்பைச் செய்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அது கண் முன்னாலேயே காணாமல் போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?


டிசம்பர் 9, செவ்வாய்

சாப்பிடும்போது இடது கை பட்டுச் சொம்பு உருண்டது. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. என் மனைவி நிர்மலா துணி எடுத்துத் துடைத்தாள். என்னையே பார்த்தாள்.


டிசம்பர் 14, ஞாயிறு

குருவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு அது போதும்.

இன்று என் விமானத்தை வெளியே எடுக்கவே இல்லை. "நீ உன்னுது ஏத்து. பெருசா, ஒரே மாதிரி சுத்திக்கிட்டே இரு" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நான் நடுப் பனையின் உச்சியைப் பார்த்தபடி அசையாமல் நின்றேன். முதலில் இடது கண்ணைப் பொத்தினேன். நீல விமானம் வலப்பக்கம் போனது, திரும்பியது, பனையைத் தாண்டியது, இடப்பக்கம் போனது. இடது ஓரத்தில் மங்கித் தொலைந்தது. மற்றபடி தெரிந்தது.

பிறகு வலது கண்ணைப் பொத்தினேன்.

பனை வரைக்கும் வந்தது. பனையைத் தாண்டியதும் இல்லை. கறுப்பாகவும் இல்லை, மறைப்பாகவும் இல்லை. வானம் பாட்டுக்கு வானமாகவே இருக்கிறது, அதில் விமானம் மட்டும் இல்லை. சத்தம் இருக்கிறது. சத்தம் சுற்றிக்கொண்டு போகிறது. அப்புறம் திடீரென்று கீழே தண்ணீர்ப் பக்கத்திலிருந்து முளைத்து வருகிறது. அடுத்த சுற்றிலும் அங்கேயே மறைந்தது, அங்கேயே முளைத்தது. பேட்டரி தீரும் வரை பார்த்தேன்.

"போதுமாண்ணா?" என்றான் குரு.

போதும்.

பஸ்ஸில் இடப்பக்கம்தானே ஆட்கள் ஏறுகிறார்கள். இடப்பக்கம்தானே நடந்து போகிறார்கள். கடவுளே.


டிசம்பர் 15, திங்கள்

லீவு போட்டிருக்கலாம். போனேன். மெதுவாக ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.


டிசம்பர் 16, செவ்வாய்

இன்றும் போனேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் சரியாகத்தான் இருக்கிறது. கழுத்துதான் வலிக்கிறது. இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் கிடக்கிறது. சொல்லிவிட்டால் டிப்போவில் துடைப்பமும் டயரும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? சித்தேரியில் இறங்கினால் "நம்ம டைவரு வந்துட்டாரு" என்பார்கள். சாமை அறுத்தால் ஒரு படி கொண்டுவந்து கொடுப்பார்கள். வேறு எந்த ரூட்டில் அப்படி?

எனக்கே நான் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறேன்.


டிசம்பர் 17, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

இறங்குகிற டிரிப். மாது பின்னால் ஒரு கும்பலுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். படியில் யாரும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பினேன். ரோடு காலியாக இருந்தது. என் கண்ணுக்குக் காலி. ஜன்னல் வழியாகப் பார்த்தானோ என்னவோ, மாதுவின் விசில் அலறியது. வண்டியை நிறுத்தச் சொல்கிற ஒற்றை விசில், விடாமல். மிதித்தேன். உள்ளே நின்றவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

இறங்கிப் பார்த்தால் இடது ஓரம் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொம்பளை. தலையில் விறகு. இடுப்பில் பிள்ளை. வண்டியின் கண்ணாடி விறகை உரசி இரண்டு குச்சி ரோட்டில் கிடந்தன. பிள்ளை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது.

"என்னா டைவரு, ஆளு நிக்கறது தெரியல?"

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியிலிருந்து குரல்கள் வந்தன. "பனிம்மா, அவரு என்னா பண்ணுவாரு?" "நல்ல டைவரும்மா, இத்தினி வருசமா ஓட்டறாரு!" எனக்காக அவளிடம் சண்டைக்கே போய்விட்டார்கள். நானும் சொன்னேன். ஆமா, பனி என்று சொன்னேன்.

அந்த வளைவில் பனி இல்லை. பளீரென்று வெயில் அடித்தது.

அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். டீக்கடையில் மாது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு ஆடியிலருந்தே தெரியும்ணா."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டிய வுட்ருவீங்களா? அதான் படியில நின்னேன்." டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே, "எல்லா நேரமும் நிக்க முடியலண்ணா. இன்னிக்கி நிக்கல" என்று சொல்லிவிட்டு டீயைக் கீழே கொட்டினான்.

அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவி, ஆடியிலிருந்து இவன் கண்ணில் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.


டிசம்பர் 18, வியாழன்

வரமாட்டேன் என்று டிப்போவுக்கு போன் செய்தேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

நிர்மலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விமானம், பனைமரம், விறகுக்காரி, பிள்ளை, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிருச்சு. அப்புறமும் மூணு நாளு வண்டி எடுத்தீங்களா? ஏங்க, அந்தப் புள்ள மேல ஏறியிருந்தா? ஏறியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"தலையத் திருப்பிப் பாத்துதான் ஓட்டினேன்…"

"பேசாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்து நம்பி ஏறுறாங்க. உங்களால அவங்களப் பாக்க முடியலன்னா எறங்கிருங்க."

பிறகு உள்ளே போய் அழுதாள். சத்தம் கேட்டது.


டிசம்பர் 20, சனி

சேலம். கண் ஆஸ்பத்திரி.

ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன், அழுத்தினேன். பிறகு வெறும் மெஷின் சத்தம்தான் கேட்டது. குரு சுற்றிய சுற்றேதான். பனைமரம் மட்டும் இல்லை.

கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் நிறையப் போய்விட்டது, வலதில் ஆரம்பித்திருக்கிறது. போனது வராது. மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"டிப்போவில வேலைங்க" என்றேன்.

"பஸ் டைவருங்க. மலை ரூட்டு" என்றாள் நிர்மலா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.


டிசம்பர் 21, ஞாயிறு

குரு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். போகவில்லை. விமானத்தையும் ரிமோட்டையும் அட்டைப்பெட்டியோடு அவன் பைக்கில் கட்டி அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான்.

நாளைக்கு என்ன செய்யப் போகிறேன்? வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு டிரிப், ஒரே ஒரு டிரிப் ஓட்டிவிட்டு வந்து கொடுத்தால் என்ன? கடைசியாக ஒரு தடவை. மாது படியில் நிற்பான்.

அந்தப் பிள்ளையின் வாய் அழுகையில் திறந்தது திறந்தபடியே கண்ணுக்குள் நிற்கிறது. அது மட்டும் நன்றாகத் தெரிகிறது.


டிசம்பர் 22, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "நீங்களாவே வந்தீங்களா வீரமணி?" என்றார். ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சித்தேரி வண்டி கிளம்புகிற நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேறு ஒருவன் என் சீட்டில் ஏறினான். போகலாம் என்று மாது இரண்டு விசில் கொடுத்தான். வண்டி கேட்டைத் தாண்டுகிற வரை இன்ஜின் சத்தம் காதில் விழுந்தது. இரண்டாவது கியரை லேட்டாகப் போடுகிறான், முட்டாள்.


ஜனவரி 4, ஞாயிறு

டிப்போ கேட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். எந்த வண்டி வந்தது, எது போனது என்று சொல்ல வேண்டும். சித்தேரி வண்டி வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.

காலையில் காற்றே இல்லை. நல்ல பனி. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "போயி ஒரு நட ஏரியப் பாத்துட்டுதான் வாங்களேன், தரை தேயுது" என்றாள் நிர்மலா. போகவில்லை.


ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப்பொங்கல். மாது வீட்டுக்கு வந்தான், ஒரு படி சாமையோடு. சித்தேரியில் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொல்லிவிட்டானாம்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்ணா. வெறகுக்கார அக்காகிட்டயும் சொன்னேன். அந்த அக்காதான் இதக் குடுத்தாங்க."

சாமையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

போகும்போது கேட்டான்: "அண்ணா, உங்க ப்ளேனு பறந்து நான் ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல."


ஜனவரி 25, ஞாயிறு

ஏரி. என் மஞ்சள் விமானத்துக்குக் குரு புது மூக்கு வைத்திருந்தான். பெட்டியோடு என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

மாதுவுக்கு இன்று மதியத்துக்கு மேல்தான் டூட்டி. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்திருந்தான். இப்படித்தான் என்று பேசி வைத்துக்கொண்டோம்: பனைமரப் பக்கம் விமானம் போகும்போது நான் தலையைத் திருப்ப மறந்தால் ஒற்றை விசில். நான் உடனே விமானத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

முதல் சுற்றிலேயே விசில். திருப்பினேன். எங்கிருந்தோ முளைத்து வந்தது. குரு கைதட்டினான். அடுத்த சுற்றில் நானே தலையைத் திருப்பினேன், பனைமரத்துக்கு மேலே மஞ்சளாக அது போவதைப் பார்த்தேன். முழுச் சுற்றும் பார்த்தேன். இறக்கும்போது செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பேட்டரி மாற்றும்போது மாதுவிடம் கேட்டேன். ஒரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"புது டைவர் எப்டி ஓட்டறான்?"

"நல்லாத்தாண்ணா ஓட்டறாப்ல." விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நான் இப்ப சீட்லயே உக்காந்துக்கறேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பேட்டரியை மாட்டி மூடியைச் சாத்தினேன்.

"இன்னொருவாட்டி ஏத்தலாமாண்ணா?" என்றான் குரு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று இன்னும் கிளம்பவில்லை. விமானத்தைக் கையில் தூக்கிப் பிடித்தேன். மாது என் இடப்பக்கம் வந்து நின்று, இரண்டு விசில் கொடுத்தான்.