வீட்டுப் பக்கம் திரும்பும் கிறேன்

நெடுந்தீவு
12.02.2024

அன்புள்ள ஜெகதீஸ் அண்ணைக்கு,

நானும் மகள் எமிலியும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மாதாவை வேண்டுகிறோம். எமிலியின் அப்பா யசிந்தன் காலமான பிறகு உங்களிடமிருந்து பாலன் பிறப்புக்கு ஒரு நத்தார் வாழ்த்து மட்டும்தான் வருகிறது. அவரோடு கூட வேலை செய்தவர், இவ்வளவு தூரமாய்ப் போய்விட்டீர்களே.

போனில் கேட்டால் சிரிப்பீர்களோ என்றுதான் இதை எழுதுகிறேன். இறங்குதுறையைத் திருத்த உங்கள் கம்பனியின் பாரம் தூக்குகிற புதுக் கிறேன் ஒன்று மிதவையில் வந்திருக்கிறது. ஓட்டுகிற கூண்டில் ஆள் இல்லை. தானாக வேலை செய்கிறது. ஊரே பார்க்கப் போனது, நானும் போனேன். பெரிய கல் ஒன்றைக் கொஞ்சம் தூக்கியது, திரும்ப வைத்தது, பிறகுதான் மேலே எடுத்தது.

யசிந்தன் தண்ணீர் நிரம்பிய தகரப் பரலை அப்படித்தான் தூக்குவார். எமிலியையும் அப்படித்தான். "முதல்ல பாரத்தைக் கேக்கோணும்" என்பார். அண்ணை, அதை ஓட்டுவது யார்?

உங்கள் தங்கச்சி,
தயானி


சிங்கப்பூர்
20.02.2024

அன்புத் தங்கச்சி தயானிக்கு,

நான் சிரிக்கவில்லை. நீர் கண்டது சரி. யசிந்தன் இங்கே கிறேன் ஓட்டிய காலத்தில் அவனுடைய கை அசைவுகளை எல்லாம் கணினியில் பதிந்தோம். அவன் தூக்கினால் பாரம் ஊசலாடாது. அதைப் பார்த்துத்தான் இந்த இயந்திரம் வேலை பழகியது. பழக்கியவன் நான். இப்போது கப்பல்கள் துறைமுகத்தில் காத்துக்கிடப்பதில்லை. நட்டத்தில் கிடந்த கம்பனி நிமிர்ந்துவிட்டது. வேறு நாட்டுத் துறைமுகங்களும் எங்களிடம் வாங்குகின்றன.

அது அவனுடைய கைப்பழக்கம் மட்டும்தான், பிள்ளை. நல்ல உழைப்பாளி ஒருவனின் கை வீணாகவில்லை என்று நினையும். எமிலிக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
ஜெகதீஸ்


நெடுந்தீவு
05.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கைப்பழக்கம் என்கிறீர்கள். அப்படியென்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்?

நண்பகலில் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் கிறேன் மெல்லத் திரும்புகிறது. துறையிலிருந்து பார்த்தால் பனைகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. அந்தப் பக்கம் கையை நீட்டி, பாரம் மாட்டுகிற கொழுக்கியை வெறுமையாய் இறக்கி, திரும்ப வேலை தொடங்கும்வரை அப்படியே நிற்கிறது. மேற்பார்வை செய்கிற சுலக்சனிடம் கேட்டேன். "காத்துக்குத் திரும்புது அக்கா" என்றார். அன்று ஓர் ஓலைகூட அசையவில்லை.

எமிலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அது ஏன் அம்மா எங்கட வீட்டைப் பாக்குது?" என்று கேட்டாள். இப்போது மத்தியானத்தில் கதவைச் சாத்தி வைக்கிறேன்.

தயானி


சிங்கப்பூர்
19.03.2024

தயானிக்கு,

உமது கடிதம் கண்டதும் பதிவுகளை எல்லாம் திரும்பப் பார்த்தேன். இயந்திரத்துக்கு நாங்கள் கொடுத்தவை பாரம் தூக்கிய நேரத்துப் பதிவுகள் மட்டும். ஓய்வு நேரத்தில் அவன் செய்தது எங்கும் பதிவாகவில்லை. ஆனால் அவனோடு சாப்பிட்டவன் நான், எனக்குத் தெரியும். கிறேனை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அவன் கீழே இறங்குவான்.

மற்றத் துறைமுகங்களிலும் விசாரித்தேன். அங்கேயும் இதே கதை. ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு கிறேனும் ஒவ்வொரு திசைக்குத் திரும்புகிறது. உலகப் படத்தை விரித்து வைத்துக் கோடு இழுத்தேன். எல்லாக் கோடுகளும் நெடுந்தீவில் வந்து விழுந்தன.

திரும்ப முடியாதபடி பூட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பூட்டினோம். இப்போது அந்த நேரம் வந்தால் கிறேன்கள் நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன.

அவனுடைய பதிவுகளை அழிக்க என்னால் முடியும். அழித்தால் கம்பனி விழுந்துவிடும், என் வேலையும் போகும். ஆனாலும் அவன் உம்முடையவன். நீர் சொல்லும்.

ஜெகதீஸ்


நெடுந்தீவு
28.03.2024

அண்ணைக்கு,

இங்கேயும் நடுங்கியது. கம்பிக் கயிறு அழுவதுபோல ஒரு சத்தம். வேலையாட்கள் கிட்டப் போகவில்லை.

சாகிற கிழமை அவர் லீவு கேட்டாரே, கொடுத்தார்களா? மாற்று ஆள் இல்லை என்று மறித்தார்கள். அந்தக் கிறேன் கூண்டுக்குள்ளேயே நெஞ்சு அடைத்துச் செத்தார். செத்த பிறகும் அவரை வேலையில் வைத்திருக்கிறீர்கள். அதுவும் இத்தனை நாட்டில், ஒரே நேரத்தில். இதை நினைத்ததும் பயம் போய், கோபம்தான் வந்தது.

நேற்று நண்பகலில் எமிலியைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். கொழுக்கிக்கு நேர் கீழே நின்றேன். "இஞ்சாருங்கோ, உழைச்சது காணும். வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வாங்கோ" என்று அவரைக் கூப்பிட்டேன்.

நடுக்கம் நின்றது.

அழித்துவிடுங்கள், அண்ணை.

தயானி


சிங்கப்பூர்
09.04.2024

அன்புத் தங்கச்சி,

அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. பதிவுகள் இருந்த இடமும் பிரதிகள் இருந்த இடமும் வெறுமை. நீர் துறையில் நின்று கூப்பிட்ட அதே நண்பகலில் எல்லாம் போயிருக்கிறது. அந்நேரமே எல்லாத் துறைமுகங்களிலும் கிறேன்கள் நின்றுவிட்டன. நான்தான் அழித்தேன் என்று கம்பனி என்னை வெளியே அனுப்பிவிட்டது. சத்தியமாய் நான் தொடவில்லை.

தயானி, எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகமா?

ஜெகதீஸ்


நெடுந்தீவு
22.04.2024

அன்புள்ள ஜெகதீஸ் அண்ணைக்கு,

உங்கள் வேலை போனது கவலைதான். எங்களால் வந்தது, மன்னியுங்கள்.

வீட்டில் எல்லோரும் சுகம். எமிலி சத்தம் போடாமல் விளையாடப் பழகிவிட்டாள். நானும் அடுப்படியில் மெல்லத்தான் நடமாடுகிறேன்.

இனி எழுத வேண்டாம், அண்ணை. தபால்காரர் வேலிப் படலையடியில் மணி அடித்தால் எமிலியின் அப்பா நித்திரையால் எழும்பிவிடுவார்.

தயானி