மொட்டையனைப் பிடிக்க வந்தவர்கள்

அன்புள்ள மாமாவுக்கும், உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது. (ரகசியம் எதுவும் இல்லை, ஐயா. ஆடு ஆடுதான்.)

‘வெள்ளிக்கிழமை மொட்டையனை உலுக்கணும், நாலு ஆள் வேணும்’ என்று நோட்டில் எழுதியதற்குத்தானே உங்களைத் தீவிரவாதி என்று கொண்டுபோனார்கள்? போன வாரம் அந்த மொட்டையனைத் தேடி ஒரு ஜீப் போலீஸ் மலையேறி வந்தது.

“மொட்டையன் எங்கம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஓடைக்குப் பின்னாலதாங்க. எங்கியும் போவ மாட்டான்.”

துப்பாக்கியோடு சுற்றி வளைத்தார்கள். இன்ஸ்பெக்டர் நம் புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, “இன்னாம்மா, மரத்துக்கெல்லாமா பேரு?” என்றார்.

“அறுபது மரம் இருக்குதுங்க. பேரு இல்லாங்காட்டி எதை உலுக்கறதுன்னு எப்படிச் சொல்றது?”

மரத்தைச் சுற்றி அளந்தார்கள், படம் எடுத்தார்கள், என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மொட்டையன் மேல் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

“அப்போ எங்க வூட்டுக்காரரு?” என்றேன்.

“அது கோர்ட்டு பாத்துக்கும்மா.”

மாமா, மொட்டையனை ஒரே மத்தியானத்தில் விசாரித்து விட்டுவிட்டார்கள். உங்களை விசாரிக்கத்தான் மூன்று வருடமாக யாருக்கும் நேரமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி